ரெண்டுக்கும் ஆகிற கிட்டார்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் தேன்குரலார் செய்த காரியத்துக்கு நீங்கள் எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் கடித்தேன். எழுதுகிற எனக்கே அப்படி என்றால், கூட வாழ்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

இந்த வாரம்தான் நம் வீட்டுக்குள் கால் வைக்கிறீர்களா? வாருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம், அதுவே ஒரு பாட்டுக் குழு. கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், கம்பெனி ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடுகிறவர்கள். பாட்டு தேன்குரலார். அவருடைய நிஜப் பெயர் அதுவல்ல. யாரோ ஒருவர் என்றோ ஒரு மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னார், இவரும் கழற்றாமல் மாட்டிக்கொண்டுவிட்டார். கீபோர்டு அவருடைய தங்கை. கிட்டார் அவருடைய மனைவி. குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணி. நமக்கும் அண்ணியாகவே இருக்கட்டும்.

போன வாரம், மேடை பார்க்க இளமையாக இருக்க வேண்டும் என்று தேன்குரலார் ஒரு புதுக் கிட்டார்காரரைச் சேர்த்தார். அதோடு விட்டாரா? அண்ணியின் கிட்டாரையே எடுத்து அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உனக்கென்னம்மா, இனிமே ட்ரெஸ், மேக்கப் மட்டும் பார்த்துக்கோ. நிம்மதியா இரு" என்றார், பெரிய வரம் கொடுத்தவர் மாதிரி.

அண்ணி நிம்மதியாக இருக்கவில்லை. பேக்கரி நடத்துகிற ஒருத்தியும் பல் டாக்டர் அம்மா ஒருத்தியும் சேர்ந்து, அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்திக்கொள்கிற அளவுக்கு இடியிடியென்று ஓர் இசை வாசிக்கிறார்கள் அல்லவா? வருகிறீர்களா, வருகிறீர்களா என்று நச்சரித்துக்கொண்டிருந்த அவர்களுக்கு, "வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். இத்தனை நாளும் பல் டாக்டரின் தம்பியுடைய கிட்டாரில் ஒத்திகை நடந்தது. அவன் வெளியூர் போகிறேன் என்று நேற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

முதல் நிகழ்ச்சி இன்று மாலை. அதே நேரத்தில் நகரத்தின் இன்னொரு மூலையில் தேன்குரலாருக்கு ஒரு வரவேற்புக் கச்சேரி. அண்ணி கையிலோ கிட்டார் இல்லை.

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அண்ணியின் பகல் வேலை. அங்கே அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டிய பொடியைத் தட்டிக்கொண்டே இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தாள்.

"வாங்க மேடம்" என்றார் கடைக்காரர். காதில் பென்சில், கையில் டீ. "பையனுக்கா, பொண்ணுக்கா?"

"எனக்கு."

"ஓ, கத்துக்கப் போறீங்களா? ரொம்ப நல்ல விஷயம். மனசு லேசாகும். சாயங்கால வேளையில பால்கனியில உக்காந்து..."

"லேசாகிறதெல்லாம் வேண்டாம். கேக்கிறவன் நெஞ்சுல போய் மோதணும். எலெக்ட்ரிக். ஹெவியா வாசிக்க. அந்த மாதிரி ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரர் டீயைக் கீழே வைத்தார். அண்ணியின் பின்னல், கைப்பை, செருப்பு என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பின்னால் போய் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு பக்கமும் கூர் நீட்டிக்கொண்டு நிற்கிற ஜாதி. இரண்டு கண்ணாடிப் பாத்திரத்தையாவது உடைக்காமல் அதை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. இழுத்து வைத்தாள். மறுபடியும் போயிற்று.

"இதை நின்னுட்டுதான் வாசிக்கணும் மேடம். ஸ்டைலுக்குத்தான் எல்லாரும் வாங்குறாங்க."

"ஸ்டைலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? அடுப்புல குக்கர் இருக்கும்போது உக்காந்து பழகுறவ நான்."

சொல்லிக்கொண்டே, எடுத்த எடுப்பில் ஒரு காரியம் செய்தாள். செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்தாள். மேலே இருந்த முறுக்காணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பி, ஆறு கம்பிகளையும் மளமளவென்று தளர்த்திவிட்டாள்.

"ஐயையோ, என்ன மேடம் இது! சுருதி சேர்த்து வச்ச சாமான். வந்ததும் வராததுமா எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டீங்களே!"

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழக்க தோஷம்ங்க. மன்னிச்சுக்கோங்க."

கடைக்காரர் சலித்துக்கொண்டே சுருதி பார்க்கிற சின்ன மீட்டரைக் கிட்டாரின் தலையில் மாட்டினார். முதல் கம்பியைத் தட்டினார். இரண்டாவதைத் தட்டினார். ஆறாவதுக்கு வரும்போது அவர் சலிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஒண்ணரைக் கட்டை இறக்கியிருக்கீங்க. ஆறு கம்பியும் சொல்லி வச்ச மாதிரி நிக்குது. மீட்டர் இல்லாம எப்படி மேடம்?"

"காது இருக்கே."

"அது சரி, இவ்வளவு கீழே இறக்கி வாசிக்கிறது தாடி வளர்த்துக்கிட்டுத் தலையை ஆட்டுறாங்களே, அந்தக் கோஷ்டிதான். நீங்க இதுக்கு முன்னாடி எங்க வாசிச்சுட்டு இருந்தீங்க?"

"கல்யாண ரிசப்ஷன்ல."

மனிதர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். பாவம், அவர் என்ன கண்டார்?

உங்களுக்கு மட்டும் இந்த இடத்தில் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். பதினாறு அத்தியாயமாக நான் அடக்கி வைத்திருந்தது இது.

தேன்குரலாரின் குரல் இறங்கிவிட்டது. இன்று நேற்றல்ல, பல வருஷமாகவே. தொண்டையில் புண் வந்தபோது, கொஞ்ச காலம் பாடாமல் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் அந்த வாரமே மூன்று மேடை ஏறினார். அதற்குப் பிறகு உச்சிக்குப் போகிற வரிகளில் குரல் பிசிறடிக்க ஆரம்பித்தது. அதைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார் என்று அண்ணிக்கும் நாத்தனாருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரு நாள் சமையலறையில் நின்று, கண்ணாலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அண்ணி கிட்டாரை அரைக் கட்டை இறக்கினாள். நாத்தனார் கீபோர்டில் அதற்கென்று இருக்கிற பொத்தானை ஒரு தட்டு தட்டினாள். சுருதி சேர்க்க வேண்டிய கருவி அந்தக் குழுவில் வேறு கிடையாது. வேலை முடிந்தது.

அன்று பாடிவிட்டு இறங்கியவர், "பார்த்தீங்களா, குரல் எப்படித் திறந்துடுச்சு! எல்லாம் வெந்நீர் மகிமை" என்றார்.

அப்புறம் இன்னொரு அரை. அதற்கப்புறம் இன்னொன்று. தளர்ந்த கம்பி கொடகொடவென்று அடித்துக்கொள்ளும் என்பதால் அண்ணி பருமனான கம்பியாகப் பார்த்து மாட்டினாள். அந்தக் கம்பியை அழுத்தி அழுத்தி அவள் விரல்கள் உரமேறின. தேன்குரலார் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அவருக்குக் காதில் குறை ஒன்றும் இல்லை, தன்மேல் நம்பிக்கைதான் கொஞ்சம் அதிகம்.

"மேடம்" என்றார் கடைக்காரர். அவருக்கு இப்போது தனி உற்சாகம் வந்துவிட்டது. "இவ்வளவு இறக்கி வாசிக்கிறவங்களுக்கு இந்தக் கூர்க் கிட்டார் சரிப்படாது. கழுத்து நீளமா இருக்கணும், அப்பத்தான் கம்பி தொளதொளன்னு ஆகாது. கம்பி உக்கார்ற பிரிட்ஜ் அசையாம இருக்கணும். சத்தத்தை வாங்குற பிக்கப், ரெட்டைச் சுருள் வச்சதா இருக்கணும். இருங்க."

கரும்பச்சை நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். கூர் இல்லை, மினுக்கு இல்லை, படம் இல்லை. கனமாக இருந்தது. அவர் அதைத் தன் கையாலேயே ஒண்ணரைக் கட்டை இறக்கி, ஸ்பீக்கர் பெட்டியில் செருகி, சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடலை மிதித்துக் கொடுத்தார்.

அண்ணி வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் மேல் பொத்திவைத்து, கீழ்க்கம்பியை இரண்டு தட்டு தட்டினாள்.

சுவரில் தொங்கிய மற்ற கிட்டார்களெல்லாம் ஒரு முறை முனகின. கடைக்காரரின் டீயில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது.

வீட்டில் இப்படிக் கையைப் பொத்தி வாசித்தால் தேன்குரலார் திரும்பி முறைப்பார். "கையை எடும்மா, வர்றவங்களுக்கு வயித்தைக் கலக்கப் போகுது" என்பார். இவளும் எடுத்துவிடுவாள். இங்கே எடுக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். இன்னும் அழுத்தித் தட்டினாள். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதுதான்" என்றாள். "கட்டிடுங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

*

"அண்ணி, குடி முழுகிப் போச்சு!"

"என்னடி ஆச்சு? மூச்சு வாங்கிட்டுச் சொல்லு."

நாத்தனார் கடைக்காரரைப் பார்த்தாள். கடைக்காரர் நாகரிகம் தெரிந்தவர். கிட்டார் வைக்கிற பெட்டி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

"காலையில புது ஆளோட முதல் ரிகர்சல். அவர் வந்ததும் உங்க கிட்டாரை எடுத்துப் பார்த்துட்டு, 'என்னங்க இது, இப்படித் தளர்ந்து கெடக்கு'ன்னு முறுக்கேத்திட்டாரு. பழைய இடத்துக்கே கொண்டுபோயிட்டாரு அண்ணி. நான் நைசா கீபோர்டை மட்டும் இறக்கி வச்சேன். 'மேடம், உங்க கீபோர்டு செட்டிங் மாறியிருக்கு'ன்னு சொல்லி, எட்டி அதையும் சரி பண்ணிட்டாரு. நல்ல மனுஷன், கெட்டிக்காரன் வேற. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை."

"அவர் பாடினாரா?"

"முதல் வரி பாடினாரு. ரெண்டாவது வரி பாடினாரு. மேலே ஏறுற இடம் வந்துச்சு. இருமினாரு. ஏசி ஒத்துக்கலைன்னாரு. ஏசியை அணைச்சோம். மறுபடி இருமினாரு. அப்புறம் அந்த ஆளைப் பார்த்து, 'உன் கையே சரியில்லை'ன்னு ஒரே கத்து. ரிகர்சல் அதோட முடிஞ்சுது."

அண்ணி பச்சைக் கிட்டாரை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"சாயங்காலம் ஒரு மண்டபம் நிறைய ஜனம் அண்ணி. அத்தனை பேர் முன்னாடி குரல் உடைஞ்சா அண்ணன் என்ன ஆவாரு? நீங்க இன்னிக்கு மட்டும் வந்துடுங்க. காலைப் பிடிக்கிறேன்."

"நீ எதுக்குடி காலைப் பிடிக்கிறே?" அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அவர் மானத்தைக் காப்பாத்த நான் வேணும். மேடையில நிக்க நான் வேண்டாம். நல்லா இருக்கே நியாயம்! எனக்கும் சாயங்காலம் மேடை இருக்கு. எனக்காகவும் ஆள் காத்துட்டு இருக்காங்க."

"தெரியும் அண்ணி. ஆனா..."

"அந்த ஆனாவைத்தான் இத்தனை வருஷமாத் தின்னுட்டு இருக்கோம்."

நாத்தனார் விரலைப் பிசைந்தாள். "அண்ணனும் வந்திருக்காரு. வண்டியை நிறுத்திட்டு வர்றாரு."

*

தேன்குரலார் கோபமாக வரவில்லை. அதுதான் ஆபத்து. முகமெல்லாம் சிரிப்பாக, கழுத்தில் மப்ளரோடு, தன் வீட்டுக் கூடத்துக்குள் வருகிறவர் மாதிரி வந்தார்.

"இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. புது ஆள் கை சரியில்லைம்மா. உன் கைக்கு ஈடாகுமா? நான் அவசரப்பட்டுட்டேன். போதுமா? சொல்லிட்டேன்."

மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. அவருக்கு அதில் பல வருஷத்துத் தேர்ச்சி.

"புதுசு வாங்க வந்திருக்கே. வாங்கு, நான் தடுக்கலை. அந்தப் பொம்பளைங்களோட போய் என்னமோ வாசிக்கணும்ங்கிறே. வாசி. வாரத்துல ஒரு நாள் வாசிச்சுட்டுப் போயேன். ஆனா வாங்குறது ரெண்டுக்கும் ஆகிற மாதிரி வாங்கு. இதோ பார், எவ்வளவு லட்சணமா இருக்கு!"

சுவரிலிருந்து அவரே ஒன்றை எடுத்தார். பால்கோவா நிறம். மெலிந்த உடம்பு, ஒல்லியான மூன்று பிக்கப், சத்தத்தை ஆட்டிவிட ஒரு சின்னக் கைப்பிடி. அழகான கிட்டார்தான், நான் பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணி அதை வாங்கிப் பெடலில் செருகினாள். கம்பியைத் தொடுவதற்கு முன்பே அது உய்ய்ய் என்று இரைய ஆரம்பித்தது.

"இதுக்கு ஒத்தைச் சுருள். கரகரப்பை ஏத்தினா இப்படித்தான் இரையும். பிரிட்ஜுக்கு அடியில ஸ்பிரிங் வேற. ஒரு கம்பியை இறக்கினா மத்ததெல்லாம் இடம் மாறும். இனிமையான பாட்டுக்கு இது தங்கம். எனக்கு ஆகாது."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணி எழுந்து நின்றாள். கடையின் ஒரு மூலையில், வாசித்துப் பார்ப்பதற்கென்று கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. சத்தம் வெளியே போகாது.

"உள்ளே வாங்க" என்றாள். "நீயும் வாடி."

மூன்று பேரும் நின்றால் முழங்கை இடிக்கிற அறை. அண்ணி இரண்டு கிட்டார்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கடைக்காரர் முன் அவரை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு அவர் இன்னும் புருஷன்.

"சாயங்காலம் முதல் பாட்டு என்னவோ, அதைப் பாடுங்க."

"இங்கேயா?"

"பாடுங்க. நான் வாசிக்கிறேன்."

பால்கோவா நிறக் கிட்டார் கடையில் சேர்த்து வைத்த பழைய சுருதியிலேயே இருந்தது. பெடலை அணைத்துவிட்டு அண்ணி பாட்டின் முகப்பு இசையை வாசித்தாள். தேன்குரலார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வரி நன்றாக இருந்தது. இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது வரி ஏறுகிற இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது.

"ஏசி..." என்றார்.

"இங்க ஏசி இல்லைங்க."

அண்ணி அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பச்சைக் கிட்டாரை எடுத்தாள். அதே முகப்பு, ஒண்ணரைக் கட்டை கீழே. "இப்பப் பாடுங்க."

பாடினார். மூன்றாவது வரியில் ஏறினார். எண்ணெய் விட்ட மாதிரி ஏறினார். ஏறி நின்று, பழக்கத்தில் ஒரு கையைக்கூட விரித்தார். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது. மனிதர் அறிவில்லாதவர் அல்ல.

"இது... வேற சுருதி."

"இதுதாங்க நம்ம சுருதி. ரொம்ப வருஷமா."

தங்கையைப் பார்த்தார். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா" என்றாள் அண்ணி. "உங்களுக்குத் தெரியாம உங்களைத் தாங்கிப் பிடிச்சோம். உங்களைக் கேக்காம சுருதியை இறக்கினேன். என்னைக் கேக்காம என் கிட்டாரைத் தூக்கிக் கொடுத்தீங்க. ரெண்டுக்கும் சரியாப் போச்சு. இனிமே யாரும் யாரையும் கேக்காம எதையும் பண்ண வேண்டாம்."

தேன்குரலார் மப்ளரை அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். முகம் சுண்டிப்போயிருந்தது. ஒரு நிமிஷம் அவர் அழுதுவிடுவாரோ என்று அண்ணிக்குப் பயம் வந்தது. அவர் அழவில்லை. பச்சைக் கிட்டாரைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு மெதுவாகத் திரும்பி வந்தது.

"அப்போ இதையே வாங்கு. இதுல என் குரல் அம்சமா உக்காருது. உனக்கும் இதுதான் பிடிச்சிருக்கு. இதுவே ரெண்டுக்கும் ஆகுதே! எடுத்துக்கிட்டு நேரா மண்டபத்துக்கு வந்துடு."

நாத்தனாரின் கண்ணில் நம்பிக்கை மின்னியது.

"கிட்டார் ரெண்டுக்கும் ஆகுங்க" என்றாள் அண்ணி. "நான் ஆக மாட்டேன்."

"சாயங்காலம் நான் என்ன பண்றது?"

"அந்தப் புது ஆள் கெட்டிக்காரர்னு இவளே சொல்றா. 'தம்பி, என் குரல் இறங்கிடுச்சு, ஒண்ணரைக் கட்டை குறைச்சு வாசி'ன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"அவன்கிட்டயா? நேத்து வந்தவன்கிட்டயா? நான் எப்படிச் சொல்வேன்?"

"வாயைத் திறந்து."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். நேராக வாசலுக்குப் போனார். கடைக்காரர் வைத்த வணக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நாத்தனார் கதவில் கை வைத்தபடி நின்றாள். "அவரு சொல்ல மாட்டாரு அண்ணி. உங்களுக்கே தெரியும். நான் வேணும்னா யாருக்கும் தெரியாம..."

"தொடாதே." அண்ணி அவள் தோளைப் பிடித்தாள். "இனிமே அந்தப் பொத்தானை நீயா தொடாதே. அவர் சொன்னாத் தட்டு. நாம தாங்கித் தாங்கித்தான் அவர் இன்னும் அந்த நாளைய ஆளாவே இருக்காரு. இறங்கின குரல்லயும் பாடலாம்டி. நாலு பேர் கேப்பாங்க. அதை அவர் கண்டுபிடிக்கட்டும்."

"உங்களுக்கு மனசு கஷ்டமா இல்லையா?"

"இல்லாம? அதுக்காக வர முடியாது. போ, நேரமாச்சு."

அவள் போன பிறகு அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். கடைக்காரர் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, தோள்பட்டைக்கு அகலமாக ஒரு வாரும் கொடுங்கள் என்றாள். கிட்டார் கனம் அல்லவா?

*

பெயின்ட் கிடங்குக்கு மேலே ஒரு நீளமான கூடம். பேக்கரிக்கு வருகிறவர்கள் பாதி, பல் டாக்டரின் நோயாளிகள் பாதி. டாக்டர் அம்மா வாயைத் திற என்றால் திறந்து பழகியவர்கள், கைதட்டு என்றால் தட்ட மாட்டார்களா? பின்வரிசையில் தாடிக் கோஷ்டியும் ஒன்று நின்றது. பின்னல் போட்ட அண்ணி மேடை ஏறியதும் அதில் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டு கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியில் செருகினாள்.

"அக்கா, ரெடியா?" டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பேக்கரிக்காரி கேட்டாள். கையில் இரண்டு குச்சிகள். பல் டாக்டர் பேஸ் கிட்டாரோடு இந்தப் பக்கம் தலையசைத்தாள்.

அப்போது அண்ணியின் போன் அடித்தது. நாத்தனார்.

எடுத்தாள். யாரும் பேசவில்லை. போனைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு அவள் வாசிக்கப் போயிருக்க வேண்டும். மண்டபத்து இரைச்சல், கைதட்டல், அதற்குப் பின்னால் கிட்டார் முகப்பு.

இரண்டு சுரம் கேட்டதுமே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. மேல் சுருதி. பழைய சுருதி. ஒரு பொட்டுகூட இறங்கவில்லை.

அடப் பாவி மனுஷா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

முதல் வரி வந்தது. நன்றாக இருந்தது. இரண்டாவது வரி வந்தது. அந்தப் புடைத்த கழுத்து அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது. மூன்றாவது வரி ஏறுகிற இடத்தில் அவள் எப்போதும் கிட்டாரைக் கொஞ்சம் ஓங்கி அடிப்பாள், தப்பித் தவறிப் பிசிறினாலும் தெரியாமல் இருக்க. இப்போது அவளுடைய வலது கை தானாகவே மேலே எழுந்தது. எழுந்த கையை அண்ணி பார்த்தாள்.

"அக்கா?" பேக்கரிக்காரி குச்சிகளைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கூடமே அண்ணியைப் பார்த்தது.

"பாடுங்க" என்றாள் அண்ணி போனுக்குள். அங்கே யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே சொன்னாள். "உடைஞ்சாலும் நின்னு பாடுங்க."

மூன்றாவது வரி தொடங்குவதற்குள் போனை அணைத்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள். பெடலை மிதித்தாள்.

"எண்ணுடி" என்றாள்.

குச்சிகள் நாலு தட்டின. தூக்கிய கையை அண்ணி கம்பியில் இறக்கினாள்.